மிகச்சிறு கார்களும் உற்பத்தி உரிமமும்: இனங்காணல் பற்றிய ஒரு நோக்கு

முகத்துவாரத்து மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய தெருக்களில் நாள்தோறும் காணும் பஜாஜ் முச்சக்கர வண்டியை இந்திய வண்டி என்றே நாம் கொள்கிறோம். அது தவறன்று, எனினும் முழு உண்மையுமன்று. வட்டச் சுக்கானுக்குப் பதிலாக ஸ்கூட்டரின் கைபிடி. முன்சில்லை ஒரு பக்கத்தில் மட்டுமே தாங்கும் கரம். இடக்கைப் பிடியைத் திருகி மாற்றும் கியர். இம்மூன்றும் அவ்வண்டியின் பிறப்பிடம் இத்தாலி என்பதைக் காட்டுகின்றன. பெயர்ப்பலகை விற்பவனைக் குறிக்கின்றது. உறுப்புகளோ பிறப்பைக் குறிக்கின்றன. உரிமத்தின் பேரில் பல நாடுகளில் உற்பத்தியான மிகச்சிறு கார்களை இனங்காண்பதற்கும் இதுவே அடிப்படை விதியாகும்.

இவ்வண்டிகளின் தோற்றம் இரண்டாம் உலகப் போரின் முடிவோடு தொடர்புடையது. போருக்குப் பின் விமான உற்பத்தி தடைப்பட்ட நிறுவனங்கள் தம் ஆலைகளுக்கு வேறு வேலை தேடின. மக்களிடமோ பெரிய கார் வாங்கப் பணமில்லை. இத்தாலியில் விமானம் செய்த பியாஜியோ நிறுவனம், விமானப் பொறியியலாளரான கொராடினோ தஸ்கானியோவின் வடிவமைப்பில் 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரையும், அதன் வழியாக 1948இல் ஆப்பே என்னும் மூன்று சில்லு வண்டியையும் வெளியிட்டது. ஜேர்மனியில் ஹைன்கெல், மெசர்ஷ்மிட் ஆகிய விமான நிறுவனங்களும் சிறு கார்கள் செய்தன. 1956இல் ஏற்பட்ட சுயெஸ் நெருக்கடியும் எரிபொருள் தட்டுப்பாடும் இவற்றின் தேவையைப் பெருக்கின.

உரிமம் எவ்வாறு பரவியது என்பதற்கு இசெட்டா சிறந்த சான்று. இத்தாலியின் ஈசோ நிறுவனம் 1953இல் அறிமுகப்படுத்திய இக்காரில் முன்முகமே கதவாகும். கதவைத் திறக்கையில் சுக்கானும் அதனோடு சேர்ந்து விலகும். ஜேர்மனியில் பி.எம்.டபிள்யூ., பிரான்சில் வெலாம், பிரேசிலில் ரோமி ஆகிய நிறுவனங்கள் இதன் உரிமத்தைப் பெற்றன. தோற்றத்தில் ஒன்றுபோலிருப்பினும் இவை வேறுபட்டவை. ஈசோவின் மூல வண்டியில் 236 கன சென்ரிமீற்றர் ஈரடிப்பு எஞ்சின் இருந்தது, பி.எம்.டபிள்யூ. தன் மோட்டார் சைக்கிளின் 247 கன சென்ரிமீற்றர் நாலடிப்பு எஞ்சினைப் பொருத்தியது. பிரேசிலின் ரோமி-இசெட்டாவோ முதலில் ஈசோ எஞ்சினோடும், 1959 முதல் பி.எம்.டபிள்யூ. எஞ்சினோடும் வந்தது. ஒரே பெயர் தாங்கிய வண்டியிலும் எஞ்சினைப் பாராமல் முடிவு கூற இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

இசெட்டாவோடு எளிதில் மயங்கத்தக்கது ஹைன்கெல். அதற்கும் முன்புறமே கதவு. ஆனால் கதவு திறக்கும்போது சுக்கான் அசையாது நிற்கும். அதன் உற்பத்தி அயர்லாந்தின் டண்டோக் நகரில், முன்னர் புகையிரத வேலைத்தலமாக இருந்த இடத்துக்குச் சென்றது. அங்கு செய்யப்பட்டவற்றின் தரக்குறைவால் உரிமம் மீளப் பெறப்பட்டது. பின்னர் இங்கிலாந்தின் குரோய்டனில் ட்ரோஜன் என்னும் பெயரில் அதே வண்டி உற்பத்தியாயிற்று. வரைபடங்களையும் அச்சுகளையும் விலைக்கு வாங்கலாம். செய்திறனை அவ்வாறு வாங்க முடியாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

இனி இந்தியாவை நோக்குவோம். 1959இல் ஈருருளி, முச்சக்கர வண்டிகளைச் செய்வதற்கு இந்திய அரசின் அனுமதியைப் பெற்ற பஜாஜ் நிறுவனம், பியாஜியோவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் உற்பத்தியைத் தொடங்கியது. அவ்வொத்துழைப்பு 1971இல் முடிவுற்றது, உற்பத்தியோ முடிவுறவில்லை. கற்ற தொழிலைக் கொண்டு தன் பெயரில் வண்டிகளைச் செய்து பிற நாடுகளுக்கும் அனுப்பியது. இதற்கு மாறானது பெங்களூரின் சிபானி நிறுவனத்தின் அனுபவம். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் என்னும் சிறு கார் அங்கு 1980களில் டொல்பின் என்னும் பெயரில் உற்பத்தியாயிற்று. எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர், உடல் கண்ணாடியிழையாலானது. அதன்மேற் காந்தம் ஒட்டாது என்பதே இனங்காண எளிய வழி. 1983 டிசம்பரில் சுசுகியின் துணையோடு மாருதி 800 வெளிவந்தபின் டொல்பின் சந்தையில் நிலைக்க முடியவில்லை. இன்று அது அரிய வண்டி.

ஆகவே உரிமத்தை அளக்கும் கேள்வி ஒன்றே: உடன்பாடு முடிந்தபின் பெற்றவரிடம் எஞ்சியது யாது? இக்கேள்வியை நம்மை நோக்கியும் கேட்க வேண்டும். இத்தாலியில் உருவாகி இந்தியாவில் வேரூன்றிய முச்சக்கர வண்டியை இலங்கை பெரும்பாலும் வாங்கியே வந்தது. ஆயினும் இங்கு அறிவே தங்கவில்லை எனல் பொருந்தாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, இருந்த வண்டிகளையே ஓட வைக்க வேண்டியிருந்தது. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளும் தெருவோர வேலைத்தலங்களுமே அதற்குத் துணைநின்றன. எந்த வண்டியின் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பதை அறிந்த தொழிலாளி, நாம் ஏட்டில் ஆராயும் வம்சாவளியைக் கையால் அறிந்தவன்.

அவ்வறிவு எழுத்திற் பதிவாகவில்லை. பழைய வண்டியொன்று உடைக்கப்படுமுன் அதன் அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், மாற்றப்பட்ட பாகங்கள் ஆகியவற்றைத் திருத்தும் தொழிலாளியின் விளக்கத்தோடு சேர்த்துக் குறித்து வைப்பது நம் ஆய்வாளர் உடன் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.