கடலளந்த கருவிகள் – 7: தொடுவானம் இல்லாத மலையில்

ஹாட்லி 1731-இல் காட்டிய இரட்டைக் கண்ணாடி தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். நகரும் கையில் ஒன்று, சட்டத்தில் பாதி ரசம் பூசிய இன்னொன்று. கை ஒரு பாகை நகர்ந்தால் பிம்பம் இரண்டு பாகை நகரும். அதனால்தான் செக்ஸ்டன்ட்டின் 60 பாகை வில் 120 பாகை வரை அளக்கிறது. சூரியனும் தொடுவானமும் ஒரே பார்வையில் விழுவதால் கப்பல் ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும், அளவு கெடாது.

இந்த வாரம் தீர்க்கரேகை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் திரும்பிய பக்கமெல்லாம் மலை. தொடுவானமே தெரியாத தோட்டத்தில் இந்தக் கருவியால் என்ன பயன்? பயன் உண்டு என்பதே என் வாதம். கருவி கேட்பது ஒரு மட்டத்தை மட்டும்தான். கடல் அதைக் கொடுக்கும் வழிகளில் ஒன்று. அகன்ற தட்டில் கித்துள் பாணியை ஊற்றிக் காற்றுப் படாமல் வைத்தால் அதுவும் கொடுக்கும். அசையாத திரவத்தின் மேற்பரப்பு தூக்குக்குண்டு நூலுக்குச் செங்குத்தாகவே நிற்கும். பழைய நில அளவையாளர்கள் இதற்குப் பாதரசம் வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிகளைப் போட்டு, பாணியில் தெரியும் சூரியன்மேல் வானத்துச் சூரியனை இறக்கி, இரு வட்டங்களும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும். கிடைப்பது சூரியனின் உயரத்தைப் போல் இரு மடங்கு. அதைப் பாதியாக்கும்போது கைப்பிழையும் பாதியாகிறது.

கடலுக்குத் தட்டு ஈடாகுமா என்று கேட்கலாம். ஒரு விஷயத்தில் தட்டே மேல். உயரம் கூடக்கூடத் தொடுவானம் மட்டத்துக்குக் கீழே தாழும். 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை உச்சியிலிருந்து கடலைப் பார்த்தால் அந்தத் தாழ்வு ஏறத்தாழ 83 கலை. ஒரு கலை ஒரு கடல் மைல். திருத்த மறந்தால் இடம் 150 கிலோமீற்றர் தள்ளிப்போகும். தட்டுக்கு இந்தத் திருத்தமே தேவையில்லை.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது: நம் சூரியன் நண்பகலில் உச்சிக்கு அருகில் நிற்கும், இரட்டித்தால் 120 பாகையைத் தாண்டிவிடும். உண்மைதான், ஆனால் ஆண்டு முழுவதும் அல்ல. டிசம்பர் 21-இல் இரத்தினபுரியின் நண்பகல் சூரியன் 59 பாகை 53 கலையில் நிற்கிறது. இரு மடங்கு 119 பாகை 46 கலை. வெறும் 14 கலை இடைவெளியில் கருவிக்குள் அடங்கிவிடுகிறது! அந்தத் தேதியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இரத்தினபுரிக்கு வாய்க்கும். சற்று வடக்கே உள்ள கேகாலைக்கு ஏறத்தாழ ஒரு மாதம். கணக்கும் எளிது: 90-இலிருந்து உயரத்தைக் கழித்தால் 30 பாகை 7 கலை, சூரியன் அன்று தெற்கே சாய்ந்திருக்கும் 23 பாகை 26 கலையையும் கழித்தால் 6 பாகை 41 கலை. இரத்தினபுரியின் அட்சரேகை அதுவே.

கருவி கிடைப்பவர்கள் அன்று பகல் 12.06 அளவில் தட்டோடு தயாராக இருங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சூரியனையோ பாணியில் தெரியும் அதன் பிம்பத்தையோ பார்க்கவே கூடாது. தீர்க்கரேகையும் கடிகாரமும் அடுத்த வாரம்.