இதயத்துக்கு ஒரு கதவு: டாக்டர் வலியத்தானின் ஆய்வும் ஆசிரியப் பணியும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் பணியாற்றும் நமக்கு இரண்டு விதமான கூட்டங்கள் நன்கு பழகியவை. மல்லிகையும் வெற்றிலையும் வாங்கத் தேவராஜ மார்க்கெட்டுக்கு வரும் கூட்டம் ஒன்று. கையில் மருத்துவச் சீட்டுகளுடன் கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையை நோக்கிச் செல்லும் கூட்டம் மற்றொன்று. இவ்விரண்டாம் கூட்டத்திலிருந்து சிலர் நமது கிளைக்குள்ளும் நுழைவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள வருபவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு தந்தையை நாம் இன்னும் மறக்கவில்லை. மகளின் திருமணத்துக்கென்று ஐந்தாண்டு வைப்பில் அவர் இட்டிருந்த தொகை முதிர இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. அதே மகளின் இதய வால்வை மாற்றுவதற்காக அதை எடுக்க வந்திருந்தார். படிவத்தில் கையொப்பமிட்ட பின் அவர் கேட்டார்: “ஐயா, இந்த வால்வு நம் நாட்டிலேயே செய்ததாம். விலையும் குறைவு என்கிறார்கள். நிலைக்குமா?” வணிகவியல் படித்த நம்மிடம் அன்று அதற்கு விடை இல்லை. பின்னர் தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் கதவுகள் அவை. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒவ்வொரு வால்வும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3.78 கோடி முறையும் திறந்து மூடுகிறது. நம் நாட்டில் இக்கதவுகளைச் சிறுவயதிலேயே பழுதாக்குவது ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியை உரிய மருந்தின்றி விட்டுவிட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றி, இறுதியில் இதய வால்வைத் தடிக்கச் செய்துவிடும். ஏழைக் குடும்பங்களையே மிகுதியாகத் தாக்கும் நோய் இது. ஆனால் அதற்குத் தீர்வான செயற்கை வால்வோ நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்து வரும் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க முனைந்தவர் டாக்டர் எம். எஸ். வலியத்தான். 1934 ஆம் ஆண்டு கேரளத்தின் மாவேலிக்கரையில் பிறந்த அவர், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று இதய அறுவையில் தேர்ந்தார். அங்கே ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர், 1952 ஆம் ஆண்டிலேயே மனித உடலில் செயற்கை வால்வைப் பொருத்திய சார்லஸ் ஹஃப்னேகல். தாயகம் திரும்பிய வலியத்தான் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிறிது காலம் பணியாற்றினார்.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973 இல் கேரள மக்களுக்குப் பன்மாடிக் கட்டடம் ஒன்றை வழங்கியது. அதில் உருவான ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்தின் பொறுப்பை வலியத்தான் ஏற்றார். 1976 இல் அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. அதையடுத்து, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பூஜப்புரையின் சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. அறுவை அரங்கும் பொறியாளர் பட்டறையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தன. 1980 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

வால்வு எளிதில் கைகூடவில்லை. முதல் வடிவத்தில், பற்றவைத்துப் பொருத்திய உலோகத் தாங்கி முறிந்தது. இரண்டாம் வடிவத்தில் டைட்டானியக் கூட்டுக்குள் நீலக்கல் படிகத் தட்டை அமைத்தனர். கடினமான அத்தட்டு கூட்டையே தேய்த்துவிட்டது. மூன்றாவதில் உறுதிமிக்க கோபால்ட் உலோகக் கலவையாலான கூட்டைப் பயன்படுத்தினர். இம்முறை விலங்குச் சோதனையின்போது நீலக்கல் தட்டே உடைந்தது. ஆண்டுகள் கடந்தன, பணமும் செலவாயிற்று. ஆயினும் ஒவ்வொரு முறிவும் ஒரு பாடத்தைத் தந்தது. பற்றவைத்த இடம் முறிகிறது என்றால் கூட்டை ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும். கடினத்தோடு கடினம் மோதினால் தேய்வோ உடைவோ வரும் என்றால் தட்டு மென்மையானதாக இருக்க வேண்டும். அவ்வாறே நான்காம் வடிவத்தில் கோபால்ட் கலவைக் கூடும், மிகு உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டும், பாலியஸ்டர் தையல் வளையமும் இணைந்தன. நெகிழித் தட்டு என்பதால் மூடும் ஓசையும் மென்மையாயிற்று. தம் மார்புக்குள் இரவும் பகலும் ஒரு சொடுக்கொலியைக் கேட்டு வாழவேண்டிய நோயாளிக்கு இது சிறிய நன்மையன்று.

1990 டிசம்பரில் அவ்வால்வு முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. உடனே சந்தைக்கு அனுப்பிவிடவில்லை. 1995 ஜனவரி வரை நாட்டின் ஆறு மருத்துவ நிறுவனங்களில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிடிகே குழுமம் அதன் தயாரிப்பை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. அந்தத் தந்தையின் வினாவுக்கு விடை இதுதான்: நிலைக்கும், மூன்று முறை நிலைக்காமற்போனதை மறைக்காமல் ஆராய்ந்தவர்கள் செய்த வால்வு என்பதால்.

வலியத்தானின் பெரும்பணி இவ்வால்வோடு முடிந்துவிட்டதாக நாம் கருதவில்லை. கருவி ஏன் முறிகிறது என்று அறியாத அறுவை மருத்துவர், பிறர் விற்பதை வாங்குபவராகவே இருப்பார். நோயாளியை அறியாத பொறியாளரோ எவருக்கும் பயன்படாத கருவியைச் செய்வார். இவ்விருவரையும் ஒருங்கே வளர்க்கும் பயிற்சிக்களமாக அவரது நிறுவனம் அமைந்தது. பல்கலைக்கழகத் தகுதியுடன் தானே பட்டம் வழங்கும் அந்நிறுவனம், முதுகலை முடித்த மருத்துவர்களுக்கு இதய அறுவையிலும் நரம்பியல் அறுவையிலும் எம்.சிஎச். பயிற்சி அளிக்கிறது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றுடன் இணைந்து மருத்துவப் பொறியியல் பட்டப்படிப்பையும் நடத்துகிறது. வலியத்தான் 1993 முதல் 1999 வரை நம் கர்நாடகத்தின் மணிப்பால் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். பன்னாட்டு மருத்துவக் கல்விக்கான பணிக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்கு விருது அளித்தது. 2005 இல் இந்திய அரசு பத்ம விபூஷண் வழங்கிச் சிறப்பித்தது. பின்னாளில் சரகர், சுசுருதர், வாக்படர் நூல்களை ஆராய்ந்து எழுதிய அவர், 2024 ஜூலையில் தமது 90 ஆம் வயதில் மணிப்பாலில் மறைந்தார்.

வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய சில செய்திகள் உண்டு. தொண்டை வலியைத் தொடர்ந்து குழந்தைக்குக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் தோன்றினால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடும் பென்சிலின் ஊசி மீண்டும் அந்நோய் வராமல் தடுத்து வால்வைக் காக்கும். மருத்துவர் சொல்லும் காலம் வரை அதை நிறுத்தலாகாது. உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு, உரிய இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். இச்செலவு அறுவையோடு முடிவதில்லை. ஆகவே குடும்பச் சேமிப்பில் அதற்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைப்பது நன்று.

அந்தத் தந்தை சென்ற ஆண்டு மீண்டும் நமது கிளைக்கு வந்தார். இம்முறை புதிய வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதற்காக. உடன் வந்த மகள் வரிசையில் நின்று, தானே படிவத்தை நிரப்பித் தந்தார்.