தென்னை சாய்ந்தது, மகன் கப்பல் ஏறினான்! ஒரத்தநாடு வாலிபரின் உருக்கமான கதை

தஞ்சாவூர்:-

"யாரு தம்பி, என்ன வேணும்?"

வாசலில் வந்து நின்ற வாலிபரைப் பார்த்து இப்படிக் கேட்டது வேறு யாரும் அல்ல, பெற்ற தாய்! ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த நெஞ்சு, தோளில் பெரிய பை. "அம்மா, நான்தாம்மா" என்று குரல் வந்த பிறகுதான் ஆள் தெரிந்தது. கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுது விட்டார்.

2023-ல் ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அந்த வாலிபர் கடற்படை மாலுமி. 2025 ஜூன் மாதம் அவர் லீவில் வந்திருந்தபோது தஞ்சையில் புது ஆற்றங்கரையில் சந்தித்தோம். கல்லணையில் திறந்த தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. "என் பேரு, கப்பல் பேரு ரெண்டும் போடாதீங்கண்ணே" என்று முதலிலேயே கறாராகச் சொல்லி விட்டார்.

புயல் அடித்த ராத்திரி

2018 நவம்பர் 16. கஜா புயல் கரை கடந்த நாள். பொழுது விடிந்து பார்த்தால் அவர் வீட்டுத் தென்னந்தோப்பு தரையோடு படுத்துக் கிடந்தது. அப்போது அவருக்கு வயது 15.

"அப்பா அழுது அன்னிக்குத்தான் பார்த்தேன். மரத்துக்கு 1,100 ரூபாய் குடுத்தாங்க. புதுக் கன்னு வச்சு காய் பறிக்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் என்ன பண்றது? அம்மா நகை பேங்குக்குப் போச்சு."

கொரோனா வந்து பரீட்சையே நடக்காமல் 2021-ல் பிளஸ்-2 பாஸ். ஒரு வருடம் கூலி வேலை. 2022 ஜூன் மாதம் அக்னிபத் திட்டம் அறிவிப்பு வந்தது. வடநாட்டில் அதை எதிர்த்து ரயிலைக் கொளுத்திக் கொண்டிருந்தார்கள். இவர் மனு போட்டார்.

"நாலு வருஷ வேலைக்காரனுக்கு எவன்டா பொண்ணு தருவான்?" என்று அப்பத்தா சண்டை பிடித்தாராம். 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் பிணங்களைப் பார்த்து வந்தவர் அந்தப் பாட்டி. கடல் என்றாலே ஆகாது.

அன்னை சத்யா ஸ்டேடியத்தில் விடியற்காலை ஓட்டம். 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும். 20 உட்கார்ந்து எழுதல், 12 தண்டால். எல்லாம் முடித்து ஒரிசாவில் சிலிகா ஏரிக்கரையில் உள்ள ஐ.என்.எஸ். சில்கா பயிற்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

சோறு எங்கே?

"நீச்சல் மட்டும்தான் எனக்குப் பயமில்லை. புது ஆத்துல பாலத்து மேலேர்ந்து குதிச்ச பயல்தானே! மத்ததெல்லாம் கஷ்டம். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்துல உள்ளவன் திரும்புனா நானும் திரும்புவேன். சப்பாத்தியைப் பார்த்தாலே அழுகை வரும்."

நெற்களஞ்சியத்துப் பிள்ளை சோற்றுக்கு ஏங்கிய கதையைச் சொல்லி அவரே சிரித்தார். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது எல்லாம் அங்கேதான் பழக்கம். வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்தது கிடையாதாம்.

2023 மார்ச் 28-ந்தேதி பயிற்சி நிறைவு அணிவகுப்பு. சுமார் 2,600 பேர். அதில் 273 பேர் பெண்கள்! வழக்கத்துக்கு மாறாக சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடந்தது.

கப்பலில் போட்டதும் முதல் மூன்று நாள் ஒரே வாந்தி. "வாளியைக் கையில பிடிச்சுக்கிட்டே டூட்டி பார்த்தேன். யாரும் 'போய்ப் படு'ன்னு சொல்லலை. நாலாம் நாள் தானா நின்னுடுச்சு."

அப்பத்தா இறந்தது நடுக்கடலில் இருந்தபோது. செல்போன் டவர் கிடையாது. கரைக்கு வந்து போனைத் திறந்த பிறகுதான் தெரியும். அதற்குள் காரியம் எல்லாம் முடிந்து விட்டது.

"அன்னிக்கு ராத்திரி 12 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் வாட்ச். மாத்தி விடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கலை. நின்னேன்." அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆற்றையே பார்த்துக் கொண்டிருந்தார்.

மிச்சம் என்ன?

முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000. கைக்கு வந்தது 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் போகிறது. அரசும் அதே அளவு போடுகிறது. நான்கு வருடம் முடிந்தால் 10 லட்சமும் வட்டியும் மொத்தமாகக் கிடைக்கும். பென்ஷன் இல்லை. நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. 2022 கடைசியில் சேர்ந்த இவருக்கு 2026 கடைசியோடு கணக்கு முடிகிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னே ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்டான் என்று நம் ஊர் மேடைகளில் முழங்குவார்கள். அதே ஊர்ப் பையன் 23 வயதில் 'அடுத்து என்ன?' என்று நிற்கிறான். இதை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை.

"நிரந்தரம் கிடைக்காட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அம்மா நகையைத் திருப்பிட்டேன். தங்கச்சி நர்சிங் படிக்குது. தோப்புல இப்பத்தான் காய் விழ ஆரம்பிச்சிருக்கு. பார்த்துக்கலாம்ணே" என்றார்.

அன்று இரவு தஞ்சை ரயில் நிலையத்தில் வழியனுப்ப அப்பா மட்டும் வந்திருந்தார். ஒரு கட்டைப்பை நிறைய தேங்காய். "கப்பல்ல எதுக்குப்பா தேங்காய்?" என்று மகன் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. மகன் பையை வாங்கிக்கொண்டு உழவன் எக்ஸ்பிரசில் ஏறினார்.