தலையணை வைக்காதீர்கள்

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவர் வீடு திரும்பியதும் வீட்டார் செய்யும் முதல் உபசாரம், மிச்சமிருக்கும் காலுக்கு அடியில் ஒரு தலையணை வைப்பது. வலி சற்றுத் தணியும். அவரும் எடுக்க விடமாட்டார். ஆபத்து அந்தச் சுகத்தில்தான். நாள்கணக்கில் மடங்கியே கிடக்கும் காலில் பின்பக்கத் தசைகள் குறுகி, முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். ஆரம்ப இறுக்கத்தைப் பயிற்சியால் தளர்த்தலாம். நாட்பட்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

இறுகிய முழங்காலுக்கு எந்தச் செயற்கைக்காலும் சரியாகப் பொருந்தாது. 1960களின் பிற்பகுதியில் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், செருப்பில்லாமல் வயலில் நடக்கவும் தரையில் சம்மணமிடவும் தோதானது. அதுவும் நிற்பது, மிச்சமிருக்கும் கால் நுழையும் உறையான சாக்கெட்டை நம்பித்தான். முழங்கால் நீளாவிட்டால் சாக்கெட் என்ன செய்யும்?

படுக்கையில் முழங்கால் நீட்டியே இருக்கட்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால், இருக்கையிலிருந்து நீளும் ஒரு பலகை காலைத் தாங்கட்டும். தொங்கவிட்டால் வீக்கமும் ஏறும். தொடையோடு எடுத்தவருக்குச் சிக்கல் இடுப்பில். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு மூட்டு மடங்கி இறுகும். மருத்துவர் அனுமதித்ததும் தினமும் சில தடவை குப்புறப் படுக்க வேண்டும்.

வலிக்கும்போது காலை மடக்கத்தான் தோன்றும். இல்லாத பாதம் எரிகிறது, விரல் முறுக்குகிறது என்று சொல்லக் கூசிப் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அது மனக்கோளாறு அல்ல. நரம்பும் மூளையும் தரும் நிஜ வலி. அதற்கு மருந்து உண்டு. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த, இருக்கும் காலின் பிம்பத்தைப் பார்த்துச் செய்யும் கண்ணாடிப் பயிற்சியும் சிலருக்குப் பலன் தருகிறது. பொறுத்துக்கொண்டு முடங்கிக் கிடப்பதில்தான் நஷ்டம்.

மிச்சமிருக்கும் காலில் சுற்றும் கட்டு விஷயத்திலும் கை பழக வேண்டும். எலாஸ்டிக் கட்டை வளையம் வளையமாகச் சுற்றக்கூடாது. எட்டுப் போட்டதுபோல் குறுக்காகச் சுற்றி, நுனியில் இறுக்கமும் மேலே போகப்போகத் தளர்வுமாகக் கட்ட வேண்டும்; நாளில் பலமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மேலே இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். நுனி குமிழ்போல் வீங்கும். அந்த வடிவம் சாக்கெட்டுக்குள் இறங்காது.