பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வரலையா? ஒரே மாதிரி தெரியும் 3 பாதிப்புகள்... வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

பக்கவாத சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் ஏதோ சொல்ல வருகிறார். வார்த்தை வரவில்லை. "பேச்சு போயிடுச்சு" என்கிறார்கள் வீட்டில். பார்க்க வரும் உறவினர்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல சத்தமாகப் பேசுகிறார்கள். "அவருக்கு ஒண்ணும் புரியல போல" என்று அவர் முன்னாடியே சொல்லிவிட்டுக் கிளம்புபவர்களும் உண்டு.

உண்மையில், 'பேச்சு போயிடுச்சு' என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு பாதிப்புகள் இருக்கின்றன. எது என்று தெரியாவிட்டால், எல்லாம் புரிகிறவரைப் புரியாதவராக நடத்திவிடுவோம். சரியாகப் புரியாதவர் தலையாட்டினால், அதை சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

பேச்சு எப்படி உருவாகிறது?

"காபி வேணும்" என்று கேட்பதற்கே மூளை மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், 'காபி' என்ற சொல்லைத் தேடி எடுத்து வாக்கியமாக்க வேண்டும். அடுத்து, அதைச் சொல்ல உதடும் நாக்கும் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று திட்டமிட வேண்டும். கடைசியாக, அந்தத் தசைகள் போதிய பலத்தோடு அசைய வேண்டும். முதல் வேலை கெட்டால் அஃபேசியா. இரண்டாவது கெட்டால் பேச்சு அப்ராக்ஸியா. மூன்றாவது கெட்டால் டிசார்த்ரியா.

1. அஃபேசியா: மொழியில் சிக்கல்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலானோருக்கு மொழிக்கான பகுதிகள் மூளையின் இடது பக்கத்தில் இருப்பதால், வலது கை, கால் செயலிழந்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம்.

1861-ல் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓசையைத் தவிர வேறு எதையும் பெரிதாகச் சொல்ல முடியாத ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு ஆராய்ந்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது. அந்தப் பகுதி பாதித்தவர்கள் "காபி... நான்... காபி" என்று திக்கித் திணறிப் பேசுவார்கள். ஆனால், மற்றவர் பேசுவது ஓரளவு நன்றாகவே புரியும்.

1874-ல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்த வகை இதற்கு நேரெதிர். பேச்சு சரளமாக வரும், அதில் அர்த்தம் இருக்காது. பிறர் பேசுவதும் சரியாகப் புரியாது. தான் தவறாகப் பேசுவதே பல நேரங்களில் அவருக்குத் தெரியாது. இதைத்தான் "மூளை குழம்பிடுச்சு" என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்.

2. பேச்சு அப்ராக்ஸியா: திட்டமிடலில் சிக்கல்

என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். நாக்கிலும் பலம் இருக்கும். ஆனால், வாய் வழி தேடித் தடுமாறும். 'தக்காளி' என்று சொல்ல முயன்றால் ஒருமுறை 'கத்தாளி', அடுத்த முறை 'தப்பாளி' என்று வரும். தவறு என்று அவருக்கே தெரிவதால், திரும்பத் திரும்ப முயல்வார்.

அதேநேரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், "அட போப்பா" என்பது போன்ற பழகிய பேச்சும் சட்டென வந்துவிடும். உடனே வீட்டில், "இது வருது, அது வராதா? வேணும்னே பேச மாட்டேங்குறார்" என்று கோபப்படுகிறார்கள். அவர் நடிக்கவில்லை. இந்த பாதிப்பே அப்படித்தான். இது பெரும்பாலும் அஃபேசியாவோடு சேர்ந்தே வரும்.

3. டிசார்த்ரியா: தசையில் சிக்கல்

நாக்கு குழறும், குரல் கம்மும், சிலருக்கு மூக்கால் பேசுவதுபோல இருக்கும். எந்த எழுத்து சரியாக வரவில்லையோ, அது பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் அதேபோலத்தான் வரும். மொழிக்கு எந்தச் சேதமும் இல்லை. செய்தித்தாள் படிப்பார், கணக்குப் பார்ப்பார்.

இவர்களில் பலருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கும். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் அலட்சியம் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம்.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

இவை சிகிச்சை முடிந்து, உடல்நிலை சீராக இருப்பவருக்கு மட்டும். நன்றாக இருந்தவருக்குத் திடீரென பேச்சு குழறினாலோ, சொல் வராவிட்டாலோ எதையும் சோதித்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

* சைகை காட்டாமல் "கண்ணை மூடுங்க", "ஃபேன் எங்க இருக்கு, காட்டுங்க" என்று சொல்லுங்கள். தடுமாறினால் அஃபேசியாவாக இருக்கலாம்.

* எழுதத் தெரிந்தவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுங்கள். வேண்டியதைப் பிழையில்லாமல் எழுதிவிட்டால் மொழி பாதிக்கவில்லை என்று நம்பலாம். அஃபேசியா இருந்தால் எழுத்திலும் தடுமாற்றம் தெரியும்.

* ஒரே வார்த்தையை ஐந்து முறை சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தவறு வந்தால் அப்ராக்ஸியா, ஒரே மாதிரி குழறினால் டிசார்த்ரியா என்று சந்தேகிக்கலாம்.

ஒருவருக்கே இரண்டு, மூன்று பாதிப்புகளும் சேர்ந்து இருக்கலாம் என்பதால், முடிவு சொல்ல வேண்டியவர் ஸ்பீச் தெரபிஸ்ட்தான். நீங்கள் கவனித்ததை அவரிடம் சொல்லுங்கள்.

எப்படிப் பேச வேண்டும்?

டிசார்த்ரியா உள்ளவருக்கு பேப்பரோ, செல்போனோ போதும், மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவார். அப்ராக்ஸியா உள்ளவருக்கு நேரம் கொடுங்கள், வாக்கியத்தை நீங்களே முடிக்காதீர்கள். அஃபேசியா உள்ளவரிடம் டிவியை அணைத்துவிட்டு, சின்னச் சின்ன வாக்கியமாக, படம் அல்லது பொருளைக் காட்டிப் பேசுங்கள்.

முக்கியமான ஒன்று. அஃபேசியா உள்ளவர் 'இல்ல' என்று சொல்ல நினைத்து 'ஆமா' என்று சொல்லிவிடலாம். "வலிக்குதா?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் கழித்து "வலி இல்லையே?" என்று மாற்றியும் கேளுங்கள். வலி, மாத்திரை விஷயத்திலேயே இவ்வளவு கவனம் தேவை என்றால், சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் முன் எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பயிற்சி தொடர்ந்தால், அதற்குப் பிறகும் பேச்சு மேம்படும். அதுவரை, அவர் எதிரில் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அவரிடமே பேசுங்கள்.