எலிக்குட்டி சொல்லும் விடை

"எலி வேறு, மனிதக் குழந்தை வேறு அன்றோ? பின் எதற்காக அதை வதைக்கிறீர்?"

விடுதியில் உணவருந்தும்போது, இலக்கியம் பயிலும் நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். பச்சிளங் குழந்தைகளின் நுரையீரல் நோயைப் பற்றி ஆராயும் மாணவன் நான். அன்று அரைகுறையாகக் கூறிய விடையை இங்கு முழுமையாகக் கூற விரும்புகிறேன்.

நாள் நிறையுமுன் பிறந்த குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திருப்பதில்லை. அதற்குச் செயற்கைச் சுவாசக் கருவியும் மிகுதியான பிராணவாயுவும் தேவைப்படலாம். உயிரைக் காக்கும் அவையே நுரையீரலைப் புண்படுத்தவும் கூடும். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் நார்த்வேயும் அவருடைய தோழர்களும், இவ்வாறு சிகிச்சை பெற்ற 32 குழந்தைகளைப் பற்றி எழுதி, இந்நோய்க்குப் 'பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா' என்று பெயரிட்டனர்.

குற்றவாளி யார்? பிராணவாயுவா, கருவியின் அழுத்தமா, நுரையீரலின் முதிராமையா? நோயுற்ற குழந்தையிடம் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியக் குழந்தையையே சோதனைக்கு உட்படுத்த எந்தத் தாய் ஒப்புவாள்? ஆகவேதான் விலங்குகளை நாடுகிறோம்.

சுண்டெலியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாள் நிறைந்து பிறக்கும் எலிக்குட்டியின் நுரையீரல், ஏழாம் மாதத்தில் பிறந்த மனிதக் குழந்தையின் நுரையீரலைப் பெரிதும் ஒத்திருக்கிறது. அதன் காற்று நுண்ணறைகள் பிறந்த பின்னரே உருவாகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. அந்த இளம் நாட்களில் குட்டியை 85 விழுக்காட்டில் வைத்தால், நுண்ணறைகள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெருத்துவிடுகின்றன. இந்நோயால் இறந்த குழந்தைகளின் நுரையீரலிலும் இத்தகைய மாறுதலைக் காணலாம்.

ஆனால் எலிக்குட்டி தானாகவே நன்றாக மூச்சுவிடுகிறது. குறைமாதக் குழந்தையோ திணறுகிறது. எனவே பிராணவாயுவின் தீங்கைக் காட்டும் இந்தச் சோதனை, கருவியின் தீங்கைக் காட்டாது. அதற்குக் குறைமாத ஆட்டுக்குட்டியும் பபூன் குரங்கும் வேண்டியிருந்தன. டெக்சாஸில் கோல்சன் குழுவினர், ஏறத்தாழ 185 நாள் கருவில் இருக்கவேண்டிய பபூன் குட்டிகளை 125-ஆம் நாளிலேயே வெளியே எடுத்தனர்; நுரையீரல் விரிய உதவும் சர்பாக்டன்ட் மருந்தையும், தேவைக்கேற்ற பிராணவாயுவையும் கொடுத்துக் காத்தனர். அப்படியும் நுண்ணறைகள் சரிவர வளரவில்லை என்பதை 1999-இல் வெளியிட்டனர். பிராணவாயு ஒன்றே குற்றவாளி அன்று என்பது தெளிவாயிற்று.

இதனால் பயன் என்ன என்பீர்கள். நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹார்மோன் செலுத்தப்பட்ட செம்மறியாட்டுக் குட்டிகள், பிழைக்க இயலாத அளவுக்கு முன்னதாகப் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கண்டு 1969-இல் எழுதினார். 1972-இல் அவரும் ஹௌவியும், குறைப்பிரசவம் நேரவிருந்த தாய்மாருக்கு அத்தகைய மருந்தைக் கொடுத்துப் பெற்ற நற்பலனை வெளியிட்டனர். இன்று அது உலகெங்கும் வழக்கிலுள்ள சிகிச்சை.

நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், சிறு விலங்கு போதுமான இடத்தில் பெரிய விலங்கைத் தவிர்க்கவேண்டும் என்கிறது.

நண்பரின் கேள்வியில் பாதி உண்மை உண்டு. எலி குழந்தை அன்று. ஒவ்வொரு விலங்கும் சில கேள்விகளுக்கே விடை சொல்லும். தவறான கேள்வியைக் கேட்டால், அந்த உயிர் வீணாகும். அதன் விடையை நம்பினால் குழந்தைக்கும் கேடு நேரலாம். ஆதலால் கூண்டைத் திறக்குமுன், என் கேள்வி சரியானதா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.