கண் ஓரிடம், கை ஓரிடம்: படகுச் சரிவில் இருவர் பணி

அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மினசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் 11,842 என்பது கணக்கு. அந்த ஏரிகளில் ஓடும் சிறு மீன்பிடிப் படகுகள் பலவும் ஏரிக்கரையில் கட்டிக் கிடப்பவை அல்ல. வார நாள்களில் வீட்டு வாசலில் டிரெய்லர் எனப்படும் இழுவண்டியின் மேல் நின்றுவிட்டு, விடுமுறை வந்ததும் பிக்கப் டிரக்கின் பின்னால் பூட்டப்பட்டு, இன்று ஓர் ஏரி, நாளை வேறோர் ஏரி எனச் சாலை வழியே பயணிப்பவை. தரையும் நீரும் அவற்றைக் கைமாற்றிக்கொள்ளும் இடம், கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கும் கான்கிரீட் சரிவுத்தளம். ஐந்து மீட்டர் நீள அலுமினியப் படகு, எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும் சுமையை அந்தச் சரிவில் பின்னோக்கி இறக்கி மிதக்கவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு போகும் வேலையைப் பல வேளைகளில் செய்பவர்கள் ஒரு கணவனும் மனைவியுமே. அங்கே அவர்களுக்குள் மூளும் வாக்குவாதம் அந்நாட்டுப் படகுக்காரர்களின் நெடுநாள் நகைச்சுவைப் பொருள்; ஆயினும் அதன் வேர் அவர்கள் குணத்தில் இருப்பதைவிட வேலையின் அமைப்பிலேயே மிகுதியாக இருக்கிறது.

டிரெய்லரின் அமைப்பு எளியது. இரும்பு அல்லது அலுமினியச் சட்டத்தின் மேல், கம்பளம் சுற்றிய இரண்டு நீண்ட மரத்தாங்கிகள் படகின் அடிப்பகுதியைத் தாங்கி நிற்கின்றன. சில வகைகளில் தாங்கிகளுக்குப் பதிலாக ரப்பர் உருளைகள் இருக்கும். சட்டத்தின் முன்முனையில் ஒரு சிறு கம்பம் எழுந்து நிற்கிறது. அதில் பொருத்தப்பட்ட வின்ச் என்னும் கைச்சுழல் பொறியிலிருந்து நீளும் பட்டை, படகின் அணியத்தில் பதித்த இரும்பு வளையத்தில் கொக்கியால் மாட்டப்படுகிறது. (அணியம் என்பது படகின் முன்பகுதிக்குத் தமிழ் மீனவர் வழங்கும் பெயர்.) பட்டை அறுந்தாலும் படகு நழுவாதிருக்க அதே வளையத்தில் ஒரு காப்புச் சங்கிலியும், பின்பலகையைச் சட்டத்தோடு இறுக்கும் இரண்டு வார்களும் உண்டு. டிரெய்லரின் நுனி, டிரக்கின் பின்னால் உள்ள எஃகு உருண்டையின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த உருண்டையின் மேல் அழுந்த வேண்டும், இல்லையேல் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் வளைந்தாடத் தொடங்கும்.

சரிவின் சாய்வு நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வரை இருப்பது வழக்கம். நூற்றுக்குப் பதினான்கு என்று கொண்டால், நீர்விளிம்பிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே இறங்கும் சக்கரம் ஏறத்தாழ 84 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். படகின் பின்பகுதி மிதந்து எழுவதற்கு அவ்வளவு ஆழம் போதும். சாய்வு இதைவிடக் குறைந்தால் டிரக்கின் பின்சக்கரங்களும் நீருக்குள் இறங்க நேரிடும். கூடினால் ஈரமான பாசிபடிந்த கான்கிரீட்டில் டயர் பிடிப்பை இழக்கும். எனவேதான் இறங்கும்போது டிரக்கில் தேவையற்றோர் எவரும் அமர்வதில்லை. ஓட்டுபவரும் கண்ணாடியை இறக்கி, இருக்கைப் பட்டியை அவிழ்த்து வைத்துக்கொள்வது முன்னெச்சரிக்கையாகப் பழக்கத்தில் உள்ளது. வண்டியே ஏரிக்குள் போய்விடும் நிகழ்ச்சிகள் அபூர்வமல்ல.

பின்னோக்கிச் செலுத்துவதில்தான் முதல் இடர்ப்பாடு. டிரக்கும் டிரெய்லரும் ஒரு கீலில் இணைந்த இரு துண்டுகள் ஆதலால், டிரக்கின் பின்பகுதி எப்பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமே டிரெய்லரின் பின்முனை திரும்பும். ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியைப் பிடித்துப் பழகிய கை இங்கே தவறாகவே இயங்கும். அதே சக்கரத்தின் அடிப்பகுதியை, கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில், பிடித்துக்கொண்டால் கை நகரும் பக்கமே டிரெய்லரும் நகரும். நீண்ட டிரெய்லரைக் காட்டிலும் குட்டையானது விரைவில் திரும்பிவிடும் என்பது புதியவர்களை வியக்கவைக்கும் செய்தி. இணைப்புருண்டைக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தொலைவு குறையக் குறையச் சிறு பிழையும் பெருங்கோணமாகி, இரண்டும் மடக்குக்கத்திபோல் ஒன்றோடொன்று மடிந்து நின்றுவிடும். அப்போது மேலும் திருப்பிச் சரிசெய்ய முயல்வது வீண்; முன்னால் நகர்ந்து நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குவதே வழி.

இவ்வளவையும் செய்யும் ஓட்டுநரால் சரிவின் கீழ்ப்பகுதியைப் பார்க்க முடியாது. பக்கக் கண்ணாடியில் தெரிவது படகின் உடல் மட்டுமே. சக்கரம் நீரை எட்டியதா, கான்கிரீட்டின் ஓரம் எவ்வளவு தொலைவில் உள்ளது, அணியக் கயிறு எதிலாவது சிக்கியிருக்கிறதா என்பதெல்லாம் வெளியே நிற்பவர் அறிவன. செலுத்தும் கை ஒருவரிடமும் காணும் கண் மற்றவரிடமும் இருக்க, இடையே ஓடும் எஞ்சின் இரைச்சலைத் தாண்டிச் செய்தி போய்ச் சேர வேண்டும். ‘இடப்பக்கம்’ என்று கூவினால் அது யாருடைய இடப்பக்கம், டிரக்கின் பின்முனைக்கா டிரெய்லரின் பின்முனைக்கா என்ற ஐயம் எழுகிறது. ஆங்கிலம் பேசுவோருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நிறுத்தச் சொல்லும் ‘வோ’ என்ற குறிப்பும் போகச் சொல்லும் ‘கோ’ என்ற சொல்லும் தொலைவில் ஒன்றுபோலவே ஒலிக்கும். பட்டறிவுள்ளோர் ஆகவே ‘வோ’வைக் கைவிட்டு, ‘ஸ்டாப்’ என்ற சொல்லையும் உயர்த்திய உள்ளங்கையையும் மட்டும் நிறுத்தக் குறியாகக் கொள்கின்றனர். இடம் வலம் சொல்லாமல் ஓட்டுநர் பக்கம், மறுபக்கம் என்கின்றனர். சைகை காட்டுபவர் கண்ணாடியில் தெரியாத கணமே வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பேசி முடிவுசெய்துகொள்கின்றனர். இருவரும் காதில் மாட்டிக்கொண்டு இயல்பான குரலில் பேச உதவும் கம்பியில்லாக் கருவிகளுக்கு அங்கே ‘மணவாழ்வைக் காப்பவை’ என்று பட்டப்பெயர் வழங்குவது இந்த நிலையைத் தானே விளக்கும்.

நீரில் இறக்கும் வேலையின் பெரும்பகுதி உண்மையில் சரிவுக்கு வருமுன்பே, வாகனங்கள் நிற்கும் சமதளத்தில் முடிந்துவிட வேண்டும். பின்வார்கள் அவிழ்க்கப்படுகின்றன, கயிறுகள் கட்டப்படுகின்றன, டிரெய்லர் விளக்குகளின் மின்இணைப்பு கழற்றப்படுகிறது, ஏனெனில் பழைய வகைச் சூடான பல்பு குளிர்நீரில் முழுகினால் வெடித்துப்போகும். சக்கரங்களின் மையக்குடங்களுக்கும் அதே காரணத்தால் சற்று ஆறும் நேரம் தேவை. நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய குடம் ஏரிநீரில் சட்டெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்நீர் கிரீஸோடு கலந்து பேரிங்கை அரிக்கும். ஆனால் வின்ச் பட்டையையும் சங்கிலியையும் இந்த இடத்தில் அவிழ்க்கக் கூடாது. வழுக்கும் தாங்கியிலிருந்து படகு சரிவின் நடுவிலேயே நழுவிக் கான்கிரீட்டில் விழுந்த கதைகள் யாவும் இந்த ஓர் அவசரத்தில் பிறந்தவை.

சமதளத்தில் செய்ய வேண்டியவற்றுள் மிகச் சிறியதும் மிக அதிகம் மறக்கப்படுவதும் வடிதுளைத் தக்கை. மழைநீரும் அலைநீரும் வெளியேறுவதற்காகப் பின்பலகையின் அடியில் 25 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை உண்டு. அதை அடைக்கும் தக்கையைப் பொருத்தாமல் படகை இறக்கினால், துளை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கையில் நிமிடத்துக்கு நாற்பது லிட்டருக்கும் மேலான நீர் உள்ளே பாயும் எனக் கணக்கிடலாம். தனியாக வருபவரைவிட இருவராக வருபவர்கள் இதை மறக்கும் வாய்ப்பு ஏன் குறைவதில்லை என்றால், மற்றவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதால்தான். எனவே தக்கை ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். மற்றவர் அதைத் தொட்டுப் பார்க்கலாம், பொருத்தக் கூடாது.

நீர்விளிம்பில், எஞ்சினின் நீருறிஞ்சும் துளை முழுகும்வரை படகு இறக்கப்பட்டு, சங்கிலி கழற்றப்படுமுன்பே எஞ்சின் ஓடுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. ஓடாவிட்டால் அப்படியே மேலே இழுத்துவிடலாம். பின்பலகையில் தொங்கும் இந்த அவுட்போர்டு எஞ்சினின் வரலாற்றிலேயே ஓர் இணையர் இருப்பது பொருத்தமான தற்செயல். நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூட், விஸ்கான்சின் மாநிலத்து ஏரி ஒன்றில் தம் வருங்கால மனைவி பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்புப் போட்டுக் களைத்ததால் இந்தப் பொறியை எண்ணினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஐஸ்கிரீம் எப்படியோ போகட்டும். 1909இல் விற்பனைக்கு வந்த அந்த எஞ்சினை ஓலே செய்ய, அலுவலகத்தையும் விளம்பரத்தையும் பெஸ் நடத்தினார் என்பது உறுதியான வரலாறு.

மாலையில் படகை ஏற்றும்போது காட்சி தலைகீழாகிறது. இப்போது பார்வையற்றவர் படகின் விசையைப் பிடித்திருப்பவர். உயர்ந்த அணியம் அவர் கண்ணிலிருந்து டிரெய்லரை மறைத்துவிடுகிறது, பக்கக்காற்று படகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. டிரெய்லரை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் தாங்கிகளை முழுக்க நனைத்து, பிறகு அவற்றின் முன்பகுதி மூன்றில் ஒரு பங்கு நீருக்கு மேல் தெரியும்வரை முன்னே இழுப்பது பொதுவான முறை. அளவுக்கு மீறி ஆழமாக்கினால் படகு தாங்கிகளைத் தொடாமலே மிதந்து கோணலாகத் திரும்பும். ஆழம் போதாவிட்டால் வின்ச்சைச் சுழற்றுபவர் படகின் முழு எடையையும் தம் தோளால் இழுக்க வேண்டிவரும்.

இந்த இழுப்பைத் தவிர்க்கச் சிலர் எஞ்சின் விசையாலேயே படகை டிரெய்லர் மேல் ஏற்றுகின்றனர். உந்துவிசிறி பின்னோக்கித் தள்ளும் நீர் கான்கிரீட் முடியுமிடத்தில் மணலை அரித்துப் பள்ளம் தோண்டி, அதற்கப்பால் மேடு குவிக்கிறது. பின்னால் வரும் வேறொருவரின் டிரெய்லர் சக்கரம் அந்த விளிம்பில் விழுந்து சிக்கும். பல சரிவுகளில் இதற்குத் தடை உள்ளது. அவ்வாறான இடங்களில் வின்ச்சின் கைப்பிடியே துணை. சுழற்றும்போது பட்டைக்கு நேர்கோட்டில் நிற்காமல் ஒருபுறமாக நிற்க வேண்டும், பல்சக்கரத்தைத் தடுக்கும் நாக்கின் ‘டிக் டிக்’ ஒலி நின்றுபோனால் கையை விட்டுவிடக் கூடாது. இன்னொரு நுட்பமும் உண்டு: சரிவில் பின்பகுதி மிதந்தபடி இருந்த படகு, டிரக் மேலேறியதும் தாங்கிகளில் அமர்ந்து, வின்ச் கம்பத்திலிருந்து சில சென்டிமீட்டர் பின்வாங்கிவிடும். சமதளத்தில் அதை மறுபடி முன்னே இழுத்துச் சேர்க்காவிட்டால் உருண்டையின் மேல் விழ வேண்டிய எடை குறைந்துபோகும். முன்னர்ச் சொன்ன நெடுஞ்சாலை ஆட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வழக்கமான பங்கீட்டில் கணவர் ஓட்டுநர் இருக்கையிலும் மனைவி கயிற்றோடு முழங்கால் நீரிலும் இருப்பதைப் பெருவாரியாகக் காணலாம். உடல்வலிமையை அளவுகோலாகக் கொண்டால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். பின்னோக்கிச் செலுத்துவதற்கு வேண்டியது பொறுமையும் பயிற்சியுமே; காற்றில் இழுபடும் படகைக் கயிற்றால் நிறுத்துவதும் வின்ச்சைச் சுழற்றுவதும்தான் உடலை வருத்தும் வேலைகள். காலியான வாகன நிறுத்திடத்தில் இரண்டு கூம்புகளை நட்டு ஓரிரு மணிநேரம் பழகினால் பின்னோக்கிச் செலுத்தும் திறன் யாருக்கும் கைவரும். மேலும், இருவரும் இரு இருக்கைகளையும் அறிந்திருந்தாலன்றி, தம் சைகை மறுமுனையில் எப்படித் தெரிகிறது என்பதை எவராலும் அறிய முடியாது. ஏரி நடுவில் ஒருவர் கையில் தூண்டில் முள் ஆழப் பதிந்துவிட்டால், படகைக் கரைசேர்த்து டிரெய்லரில் ஏற்றும் பொறுப்பு அப்படியே மற்றவர் மேல் விழும். மினசோட்டாவில் வாலை எனப்படும் மீனின் பருவம் தொடங்கும் மே மாதச் சனிக்கிழமை பல ஆண்டுகளில் அன்னையர் தினத்தை ஒட்டியே வருவதால், அந்த ஒரு வாரஇறுதியிலாவது இருக்கை மாற்றம் பேச்சுக்கு வருவதுண்டாம்.

படகு மேலேறிய பின் ஒரு கடமை மீதியிருக்கிறது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளுக்குரிய வரிக்குதிரைச் சிப்பி என்னும் விரல்நக அளவுச் சிப்பி, சரக்குக் கப்பல்கள் சுமந்துவந்த நீரோடு அமெரிக்கா புகுந்து 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. 2010இல் மினசோட்டாவின் மின்னடோங்கா ஏரியிலும் காணப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் படகின் அடியில் தேங்கிய நீரிலேயே அடுத்த ஏரிக்குப் பயணம் போகும். ஆகவே அம்மாநிலச் சட்டம், சாலையில் செல்லும் படகின் வடிதுளைத் தக்கை கழற்றப்பட்டே இருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் டிரெய்லரில் சிக்கிய நீர்ப்பாசியைப் பிடுங்கியெறிய, மற்றவர் தக்கையைத் திருகி எடுக்கிறார். உள்ளே தேங்கியிருந்த நீர் பின்பலகையிலிருந்து கயிறுபோல் வடிந்து சரளைக்கற்களில் ஊறுகிறது. கழற்றிய தக்கையைப் படகின் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைப்பது அங்குள்ளோர் சிலர் கண்டுகொண்ட உபாயம். அடுத்த வாரம் எஞ்சினை முடுக்கச் சாவியைக் கையிலெடுப்பவர் இருவருள் எவராயினும், தக்கை அவர் உள்ளங்கையில் தட்டுப்படும்.